நம்ம ஜில்லாவுல இன்னைக்கு எத்தனை?

கொரோனா காலத்துல தமிழ்நாட்டுல சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு சுகாதாரத்துறை புல்லட்டின் வரும், டிவில எல்லா சேனலும் ஒரே நம்பரை பெருசா போடும், "தமிழகத்தில் இன்று இத்தனை பேருக்கு". அந்த ஒரு நம்பரை வச்சுதான் வீடு வீடா பேச்சு நடந்துச்சு. ஆனா அந்த புல்லட்டின் பல பக்கம் இருக்குற ஒரு பிடிஎஃப், டிவில வந்தது அதோட முதல் வரி மட்டும்தான். உள்ள போனா மாவட்ட வாரியா ஒரு அட்டவணை, அதுல உள்ளூர்லயே வந்த கேஸ் தனி, வெளியிலிருந்து வந்தவங்க தனி, ஏர்போர்ட்ல பிடிபட்டவங்க ரயில்வேல பிடிபட்டவங்க கீழ தனி வரிசை, வயசு வாரியா 12 வரைக்கும், 13லேர்ந்து 60, அதுக்கு மேலனு மூணு பிரிவு, கடைசில இறந்தவங்க ஒவ்வொருத்தரை பத்தியும் பேர் இல்லாம ஒரு பத்தி. நான் அதிகமா படிச்சது அந்த உள் பக்கங்களைத்தான்.

காரணம் ரொம்ப சாதாரணம். நான் இருக்குறது சென்னை, சொந்தம் பூரா அரியலூர் மாவட்டம். ஜெயங்கொண்டத்துலேர்ந்து பெரியம்மா போன் பண்ணா கேக்குறது ஒரே கேள்விதான், "ஏம்ப்பா, நம்ம ஜில்லாவுல இன்னைக்கு எத்தனைப்பா?" மாநில எண்ணிக்கையை வச்சு அவங்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? சந்தைக்கு போலாமா, கல்யாணத்துக்கு போகணுமா, பெரியப்பாவை செக்கப்புக்கு கூட்டிட்டு போறதா அடுத்த மாசம் பாத்துக்கலாமா, இதுக்கெல்லாம் மாநில நம்பர்ல பதில் கிடையாது, மாவட்ட வரிசையில கொஞ்சம் இருந்துச்சு. அப்படி ஆரம்பிச்சு எக்ஸெல்ல தினமும் ரெண்டு மாவட்டத்தை ஏத்திட்டு வந்தேன், அப்புறம் எல்லா மாவட்டமும். அதுல கத்துக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன், ஏன்னா அடுத்து எந்த தொற்று வந்தாலும் இதே கணக்குதான் தேவைப்படும்.

முதல்ல அரியலூர் கதையே சொல்றேன், அதுல பாதி பாடம் இருக்கு. 2020 மே 4ஆம் தேதி மாநிலம் பூரா 527 கேஸ், அதுல கடலூர் மட்டும் 122. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மே 6ஆம் தேதி 771, அதுல சென்னை 324, அரியலூர் 188. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அரியலூர்ல மொத்தமே 34தான், ஒரே நாள்ல 222 ஆகிடுச்சு. டிவில பாத்தா சென்னைதான் பெரிய நம்பர். ஆனா தலைக்கு கணக்கு போட்டு பாருங்க, 2011 சென்சஸ் படி அரியலூர் மாவட்ட மக்கள்தொகை ஏழரை லட்சம், சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள சுமார் 67 லட்சம். லட்சம் பேருக்கு எத்தனைனு வகுத்தா அரியலூர் அன்னைக்கு கிட்டத்தட்ட 25, சென்னை 5 கூட இல்ல. ஊர்ல எல்லாரும் நடுங்கிட்டாங்க, நியாயமான பயம்தான்.

இங்கதான் அடுத்த கேள்வி கேக்கணும், யாருக்கு டெஸ்ட் எடுத்தாங்க? கோயம்பேடு மார்க்கெட்ல லோடு ஏத்தி இறக்குன ஆளுங்க, கடை ஆளுங்க, டிரைவருங்க ஏப்ரல் கடைசில மே ஆரம்பத்துல லாரில ஊர் திரும்பினாங்க. அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் பக்கத்து ஆளுங்க அங்க நிறைய. அவங்களை பள்ளிக்கூடத்துலயும் காலேஜ்லயும் தங்க வச்சு மொத்தமா சாம்பிள் எடுத்தாங்க, ரிசல்ட்டும் மொத்தமா வந்துச்சு. அந்த 188 ஒரே நாள்ல அரியலூர் தெருவுல பரவுனது இல்ல, சென்னையில ஒரு மார்க்கெட்ல பல நாளா பரவினது அரியலூர் வரிசையில ஒரே நாள்ல பதிவாச்சு. அதனாலதான் மே பாதிக்கு மேல அரியலூர் வரிசை ஏறக்குறைய அப்படியே நின்னுடுச்சு, சென்னை வரிசை மட்டும் ஏறிட்டே போச்சு. மார்க்கெட்டை மே 5 மூடி அப்புறம் திருமழிசைக்கு மாத்தினாங்க. பெரியம்மாகிட்ட நான் சொன்னது, "வெளியூர்லேர்ந்து வந்தவங்களை தனியா வச்சு எடுத்த டெஸ்ட் பெரியம்மா, நம்ம தெருவுல இல்ல, ஆனா அடுத்த பத்து நாள் பாத்து இருங்க". அந்த பத்து நாள்னு சொன்னதுதான் முக்கியம். ஒரு நாள் எண்ணை வச்சு பரவுதுனும் சொல்ல முடியாது அடங்கிடுச்சுனும் சொல்ல முடியாது.

சரி கணக்குக்கு வரேன். நான் பண்ணது மூணே வேலைதான், பெரிய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதுவும் இல்ல, பத்தாவது கணக்கு போதும்.

ஏழு நாள் சராசரி எடுக்கணும். ஞாயித்துக்கிழமை, பண்டிகை நாள் சாம்பிள் குறையும், லேப்ல தேங்கி அடுத்த நாள் மொத்தமா வரும், அதனால தினசரி நம்பர் பல்லு பல்லா ஏறி இறங்கும். ஏழு நாளை கூட்டி ஏழால வகுத்தா எல்லா கிழமையும் உள்ள வந்துடும், கோடு நேராயிடும். அதுக்கப்புறம் இந்த வார சராசரியை போன வார சராசரியால வகுக்கணும். ஒன்னுக்கு மேல இருந்தா ஏறுது, கீழ இருந்தா இறங்குது. 1.4னு வந்துச்சுன்னா அதே வேகத்துல ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகும், அந்த நம்பரை பாத்தா உடனே போன் பண்ணி ஊர்ல சொல்லிடுவேன். நம்ம தரமணில இருக்குற கணித அறிவியல் நிறுவனத்துல சிதப்ரா சின்ஹா மாதிரி ஆளுங்க ஒருத்தர் சராசரியா எத்தனை பேருக்கு பரப்புறாங்கங்குற ஆர் எண்ணை மாநில வாரியா முறையா கணக்கு போட்டு சொல்லிட்டு இருந்தாங்க, அது பெரிய வேலை. ஒரு மாவட்டத்துக்கு வீட்டுல உக்காந்து பாக்க வார விகிதமே போதும்.

மூணாவது லட்சத்துக்கு எத்தனைங்குறது. இதுல ஒரு பெரிய சங்கடம், நம்மகிட்ட இருக்குற மக்கள்தொகை 2011 கணக்கு. திருப்பூர், செங்கல்பட்டு, கோவை மாதிரி வேகமா வளர்ந்த இடத்துக்கெல்லாம் அந்த வகு எண் இன்னைக்கு பொருந்தாது, அதனால அங்க விகிதம் நிஜத்தை விட கூடுதலா தெரியும். அதோட மாவட்டமே பிரிஞ்சிடுது. மயிலாடுதுறை 2020 டிசம்பர் கடைசில 38வது மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது, ஆனா அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் புல்லட்டின்ல நாகப்பட்டினத்தோட சேத்துதான் வந்துச்சு, தனி வரிசை வந்தப்போ நாகப்பட்டினம் கோடு குறைஞ்ச மாதிரி தெரியும். குறைஞ்சது நோய் இல்ல, எல்லை.

இப்ப டெஸ்ட் விஷயம், நான் ரொம்ப அழுத்தி சொல்ல வேண்டியது இதுதான். நூறு பேருக்கு டெஸ்ட் எடுத்தா எத்தனை பேருக்கு பாசிட்டிவ், இந்த விகிதம் இல்லாம கேஸ் எண்ணிக்கைக்கு பாதி அர்த்தம்தான். டெஸ்டை பாதியா குறைச்சா கேஸும் குறையும், நோய் குறையாது. பாசிட்டிவ் விகிதம் ரெண்டு வாரம் தொடர்ந்து நூத்துக்கு 5க்கு கீழ இருந்தாதான் கட்டுப்பாட்டை தளர்த்த யோசிக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாசம் ஒரு அளவுகோல் சொல்லிச்சு. தமிழ்நாடு இதுல நல்லாவே பண்ணுச்சு, மத்த பல மாநிலங்கள் ரேபிட் ஆன்டிஜன் டெஸ்டை (ரிசல்ட் சீக்கிரம் வரும், ஆனா நிறைய தொற்றை தவற விட்டுடும்) கலந்து எண்ணிக்கையை ஏத்துனப்போ இங்க ஏறக்குறைய முழுக்க லேப்ல பாக்குற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்தான், எந்த லேப்ல எத்தனைனு கூட புல்லட்டின்ல இருந்துச்சு. அதனால டெல்லி நம்பரையும் தமிழ்நாடு நம்பரையும் பக்கத்துல வச்சு "அவங்க பரவால்ல நாம மோசம்"னு வாட்ஸ்அப்ல வந்த படமெல்லாம் தப்பு, ரெண்டும் வேற வேற டெஸ்ட்ல வந்த நம்பர். எனக்கு இருந்த ஒரே ஆதங்கம், மாநிலத்துக்கு டெஸ்ட் கணக்கு தெளிவா இருந்துச்சு, ஆனா 2020ல அந்த மாவட்ட அட்டவணையில டெஸ்ட் எண்ணிக்கைக்கு நெடுவரிசை கிடையாது. மாவட்ட பாசிட்டிவ் விகிதம் அப்பப்போ செய்தில வரும், தினமும் ஒரே இடத்துல ஒரே மாதிரி வந்திருந்தா எத்தனையோ ஊர் முன்னாடியே சுதாரிச்சிருக்கும்.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு வசதி இருந்துச்சு, மாநகராட்சி 15 மண்டலத்துக்கும் தனித்தனியா போட்டாங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம்னு. 2020 மே, ஜூன்ல வடசென்னை ஏறி நின்னப்போ மணலியும் சோழிங்கநல்லூரும் கீழ இருந்துச்சு, ஒரே ஊரு. அப்புறம் வார்டு வார்டா காய்ச்சல் முகாம் போட்டு தேடித் தேடி டெஸ்ட் எடுத்தாங்க, அந்த மாசம் கேஸ் ஏறுறதை பாத்து திட்டினவங்க நிறைய, ஆனா தேடுனா எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், அது நல்ல ஏத்தம். தேடத் தேட பாசிட்டிவ் விகிதம் இறங்குதானு பாக்கணும், அதுதான் கேள்வி.

மாநில சராசரி எப்படி கண்ணை மறைக்கும்ங்குறதுக்கு 2021 மே மாசத்தை விட பெரிய உதாரணம் எனக்கு தெரியல. மே 21ஆம் தேதி 36,184 கேஸ், அதுதான் உச்சம், டெஸ்ட் எடுத்த நூறு பேர்ல 20 பேருக்கு மேல பாசிட்டிவ். அதுக்கப்புறம் மாநில கோடு இறங்க ஆரம்பிச்சது, எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு. ஆனா பிரிச்சு பாத்தா, சென்னை மே பாதிக்குள்ளயே உச்சத்தை தொட்டு வேகமா இறங்கிட்டு இருந்துச்சு, கோயம்புத்தூர் ஏறிட்டு இருந்துச்சு. மே கடைசி வாரத்துல தினசரி எண்ணிக்கையில கோவை சென்னையையே தாண்டிடுச்சு, மக்கள்தொகையில பாதிதான் கோவை மாவட்டம். திருப்பூர், ஈரோடு, சேலம்லயும் கோடு மேலதான். சென்னையோட இறக்கம் பெருசா இருந்ததால மொத்தத்துல அந்த பக்கத்து ஏத்தம் மறைஞ்சு போச்சு. அரசாங்கமும் அதை பாத்துதான் ஜூன்ல தளர்வு குடுத்தப்போ கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைனு 11 மாவட்டத்துக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீட்டிச்சாங்க. மாவட்ட எண்ணை பாத்து எடுத்த முடிவு, எனக்கு அது சரியான முடிவாதான் பட்டுச்சு.

கோவை பக்கம் அலை அப்படி ஏறுனதுக்கு பின்னால ஒரு காரணமும் அப்புறமா வெளிய வந்துச்சு. பொது சுகாதாரத்துறை ரத்தத்துல கொரோனா எதிர்ப்பு (ஆன்டிபாடி) இருக்கானு மாநிலம் பூரா சர்வே எடுத்தாங்க. 2021 ஜூன், ஜூலைல எடுத்த சர்வேல மாநில சராசரி 66 சதவீதம், ஆனா விருதுநகர்ல 84, ஈரோட்டுல 37. ஒரே மாநிலத்துல ஒரு மாவட்டத்துல பத்துல எட்டு பேருக்கு எதிர்ப்பு வந்தாச்சு, இன்னொரு மாவட்டத்துல பத்துல நாலு பேருக்கு கூட இல்ல. கொங்கு பக்கம் அலை ஏன் அவ்வளவு நாள் இழுத்துச்சுனு கேட்டா, அங்க இன்னும் தொற்று வராதவங்க நிறைய பேர் மிச்சம் இருந்தாங்கங்குறது பதில்ல ஒரு பெரிய பங்கு. கேஸ் எண்ணிக்கை மட்டும் பாத்துட்டு இருந்தா இது தெரிஞ்சிருக்காது. இந்த சர்வே மாதிரி ஒன்னு வருஷா வருஷம் டெங்குவுக்கு எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு இப்பவும் நினைப்பேன்.

மூணாவது அலைல கேஸ் எண்ணிக்கைங்குற கருவியே மழுங்கிப் போச்சு. 2021 டிசம்பர் 15ல தமிழ்நாட்டுல முதல் ஒமிக்ரான் உறுதியாச்சு. மரபணு வரிசை பாக்க நாள் ஆகும், ஆனா டேக்பாத்னு ஒரு டெஸ்ட் கிட்ல வைரஸோட மூணு பகுதியை தேடும், முதல்ல வந்த ஒமிக்ரானா இருந்தா அதுல எஸ்ங்குற பகுதி மட்டும் சிக்காது, மத்த ரெண்டும் சிக்கும். எஸ் ஜீன் டிராப்னு அப்போ செய்தில அடிபட்டது இதுதான். முழு வரிசை வர்றதுக்கு முன்னாடியே எவ்வளவு வேகமா முந்தின வகையான டெல்டாவை தள்ளிட்டு ஒமிக்ரான் உள்ள வருதுனு அதை வச்சு கணிக்க முடிஞ்சுது. மாநில அரசே சொந்தமா மரபணு ஆய்வகம் சென்னை டிஎம்எஸ் வளாகத்துல அந்த செப்டம்பர்லதான் திறந்திருந்துச்சு, சரியான நேரத்துல வந்துச்சு. 2022 ஜனவரி 22ல 30,744 கேஸ், இறப்பு 33. முந்தின மே 21ல 36,184 கேஸ், இறப்பு 467. ரெண்டு நாளும் கேஸ்ல பக்கத்துல பக்கத்துல, இறப்புல எங்கயோ. தடுப்பூசி போட்டாச்சு, வைரஸும் மாறியாச்சு. அதோட ஜனவரில தொடர்புல இருந்தவங்கள்ல வயசானவங்க, இணை நோய் உள்ளவங்க தவிர மத்தவங்களுக்கு அறிகுறி இல்லன்னா டெஸ்ட் வேணாம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லிடுச்சு, பாதி பேர் மெடிக்கல்ல கிட் வாங்கி வீட்டுலயே பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லல. அப்போ நான் கேஸை விட்டுட்டு ஆஸ்பத்திரி படுக்கை கணக்குக்கு மாறிட்டேன், ஆக்சிஜன் படுக்கை எத்தனை நிரம்பியிருக்கு, ஐசியூ எத்தனை நிரம்பியிருக்குனு மாவட்ட வாரியா வந்துச்சு. மூச்சு திணறுனவங்க யாரும் டெஸ்ட் எடுக்காம வீட்டுல இருக்க மாட்டாங்க, அதனால அந்த எண்ணுல மறைப்பு கம்மி.

இறப்பு பத்தி எழுதாம இதை முடிக்க முடியாது. புல்லட்டின்ல கடைசி பக்கங்கள்ல ஒவ்வொரு இறப்புக்கும் வயசு, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரை பிரஷர்னு என்ன இணை நோய், எந்த தேதில எந்த ஆஸ்பத்திரில சேந்தாங்க, எந்த தேதி இறந்தாங்கனு இருக்கும். அதை படிக்க மனசு கனக்கும், ஆனா இந்தியால ரொம்ப சில இடத்துலதான் இந்த அளவு விவரம் வெளிப்படையா வந்துச்சு, அதை கொண்டு வந்த ஊழியர்களை நான் இன்னைக்கும் மதிக்கிறேன். அதை வச்சு ரெண்டு விஷயம் பாக்கலாம். ஆஸ்பத்திரில சேந்ததுக்கும் இறந்ததுக்கும் நடுவுல எத்தனை நாள்ங்குறது ஒன்னு, சில வாரம் அது குறைஞ்சுட்டே வந்தா ஜனங்க ரொம்ப லேட்டா ஆஸ்பத்திரிக்கு வராங்கனு அர்த்தம். இறந்த தேதிக்கும் புல்லட்டின் தேதிக்கும் உள்ள இடைவெளி இன்னொன்னு. 2021 மே மாசம் கேஸ் இறங்க ஆரம்பிச்ச பிறகும் மாசம் முடியுற வரை இறப்பு ஏறிட்டேதான் இருந்துச்சு, இன்னைக்கு வர்ற இறப்பு எண் ரெண்டு வாரத்துக்கு முந்தின தொற்றோட கணக்கு.

ஆனா அந்த பட்டியல்ல வராதவங்க? 2020 ஜூன்லயே சென்னை மாநகராட்சி பதிவேட்டுக்கும் மாநில புல்லட்டினுக்கும் இறப்பு எண்ணிக்கை ஒத்துப்போகலனு பேச்சு கிளம்புச்சு, குழு போட்டாங்க, ஜூலை 22ஆம் தேதி மார்ச்லேர்ந்து ஜூன் 10 வரைக்கும் விட்டுப்போன 444 இறப்பை ஒரே நாள்ல சேத்தாங்க. கிராஃப்ல அந்த நாள் மட்டும் கம்பம் மாதிரி நிக்கும், தெரியாதவங்க அன்னைக்கு ஏதோ நடந்துச்சுனு நினைப்பாங்க. ஒத்துக்கிட்டு சேத்தது பெரிய விஷயம்.

அதைவிட நம்பகமான கணக்கு ஒன்னு இருக்கு, பிறப்பு இறப்பு பதிவேடு. எந்த காரணத்தால இறந்தாலும் 21 நாளைக்குள்ள பதிஞ்சாகணும்ங்குறது 1969 சட்டம். சென்னையில பதிவு நல்லாவே நடக்குது, சர்ட்டிபிகேட் இல்லாம தகனமும் கஷ்டம் பென்ஷனும் கஷ்டம். முந்தின வருஷங்கள்ல ஒரு மாசத்துக்கு வழக்கமா எத்தனை இறப்பு பதிவாகும், அலை மாசத்துல எத்தனை பதிவாச்சு, கழிச்சா கூடுதல் இறப்பு. ஆராய்ச்சியாளர்கள் சென்னைக்கு இதை செஞ்சு 2021 டிசம்பர்ல லான்செட் இன்பெக்ஷியஸ் டிசீசஸ்ங்குற மருத்துவ இதழ்ல போட்டாங்க. 2020 மார்ச்லேர்ந்து 2021 ஜூன் வரைக்கும் கூடுதல் இறப்பு சுமார் 26 ஆயிரம், ஆயிரம் பேருக்கு அஞ்சுக்கு மேல. அதே காலத்துக்கு சென்னையோட அதிகாரபூர்வ கொரோனா இறப்பு எட்டாயிரத்தை ஒட்டித்தான். எல்லா கூடுதல் இறப்பும் நேரா கொரோனா இல்ல, டயாலிசிஸுக்கு போக முடியாம, நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரி கிடைக்காம போனவங்களும் அதுல உண்டு, ஆனா அவங்களும் அந்த அலைலதான் போனாங்க. அப்புறம் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம்னு வந்தப்போ தமிழ்நாட்டுல விண்ணப்பம் அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கையை தாண்டிச்சு. அதனால ஒரு ஊர்ல தொற்று என்ன பண்ணிட்டு போச்சுனு யாராவது கேட்டா, நான் முதல்ல கேக்குறது பதிவேட்டைத்தான்.

இந்த எல்லா வேலையும் என்னை மாதிரி ஆளுங்களால முடிஞ்சதுக்கு காரணம் கோவிட்19இந்தியா தளத்துல சம்பளம் வாங்காம உக்காந்த தன்னார்வலர்கள். எல்லா மாநில பிடிஎஃபையும் ட்வீட்டையும் தினமும் பிரிச்சு மாவட்ட வாரியா எக்ஸெல்ல திறக்குற மாதிரி குடுத்தாங்க, 2021 அக்டோபர் 31 வரைக்கும். பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணா நெடுவரிசை எல்லாம் கலைஞ்சு ஒரே கூழாகிடும், அதை தினமும் சரி பண்ணது எவ்வளவு பெரிய உழைப்புனு கை வச்சவங்களுக்குதான் தெரியும். அரசாங்கமே அட்டவணையை அட்டவணையா குடுத்திருந்தா அந்த உழைப்பு வேற நல்ல வேலைக்கு போயிருக்கும்.

இப்போ நிலைமை என்னன்னா, ஐடிஎஸ்பினு நோய் கண்காணிப்பு திட்டம் 2004லேர்ந்து இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்து மேல வரைக்கும் காய்ச்சல், வயித்துப்போக்கு, டெங்கு எல்லாம் பதிவாகுது, இப்ப ஐஹெச்ஐபினு ஒரு ஆன்லைன் தளத்துல ஏத்துறாங்க. அதாவது தகவல் உள்ள இருக்கு. ஆனா ஜெயங்கொண்டத்துல இருக்குற ஒருத்தர், போன வாரம் நம்ம மாவட்டத்துல எத்தனை பேருக்கு டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, எத்தனை பேருக்கு வந்துச்சுனு வீட்டுலேர்ந்து பாக்குற மாதிரி ஒரு பக்கம் வேணும். வாரம் ஒரு தடவை போதும், மாவட்டம், டெஸ்ட், பாசிட்டிவ், ஆஸ்பத்திரில சேந்தவங்க, நாலு நெடுவரிசை. 2020ல தினமும் போட முடிஞ்ச துறைக்கு இது முடியாத வேலையே இல்ல. மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி இதை கேட்டு மாவட்ட சுகாதார அலுவலருக்கு நான் மனு எழுதிட்டு இருக்கேன், உங்க மாவட்டத்துக்கும் எழுதணும்னா அந்த நாலு நெடுவரிசையை அப்படியே எடுத்துக்கோங்க.

அப்புறம் ஒரு உதவி. சென்னை மாநகராட்சி 2020 ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் காலையில போட்ட மண்டல வாரி பட்டியல் படங்களை யாராவது போன்ல சேமிச்சு வச்சிருந்தீங்கன்னா அனுப்புங்க, தேதி தெரிஞ்சா போதும். எழுத்தா மாத்தி, மாவட்ட புல்லட்டின் எக்ஸெல்லோட சேத்து எல்லாரும் எடுத்துக்குற மாதிரி இங்கயே போட்டுடுறேன்.